ஒன்பதை அழுத்தவும்

வாங்க, வாங்க, உள்ள வாங்க. செருப்போடயே வரலாமுங்க, இதென்ன கோயிலா. அந்தச் சேர் வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காலையில போன் பண்ணுனது நீங்கதான? பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட ஹார்டுவேர் கடை? நல்லதுங்க. ஞாயித்துக்கெழமை தெறந்திருக்குமான்னு சந்தேகப்பட்டீங்களா? முன்னெல்லாம் லீவுதான். இப்பத் தெறக்கறேன்.

அந்தப் பொண்ணு யாருங்கறீங்களா? போன்ல பேசுச்சே, அதா? எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க. "வணக்கம். ராமாத்தாள் கம்யூனிகேஷன்ஸ். புதிய இணைப்புக்கு ஒன்றை அழுத்தவும். பழுது பார்க்க இரண்டை அழுத்தவும்." கேட்டதும் உங்களுக்கு ஒரு மரியாதை வந்துச்சுங்களா இல்லீங்களா? பெரிய கம்பெனின்னு நெனச்சுட்டுத்தான வந்தீங்க? வந்து பாத்தா மிச்சர் கடை மாடியில ஒரு ரூம்பு. அதான் இந்தத் தொழிலே. உள்ள ஒத்தை ஆளு உக்காந்திருந்தாலும், வெளிய இருக்கறவனுக்குப் பத்துப் பேரு இருக்கற மாதிரி தெரியோணும்.

அது என் தங்கச்சிங்க. கோகிலவாணி. இப்ப இங்க இல்ல. சொல்றேன், அவசரமில்ல. மொதல்ல உங்க வேலையப் பாப்போம்.

இந்தப் பெட்டியப் பாருங்க. சோப்பு டப்பா அளவுதான் இருக்குது. இதுக்குள்ள ஒரு முழு டெலிபோன் எக்ஸ்சேஞ்சே இருக்குதுன்னா நம்புவீங்களா? நெட் லைன் ஒண்ணு இருந்தாப் போதும். உங்க கவுண்டர்ல ஒரு போன், குடோன்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு வெச்சுருவோம். பழைய லேண்ட்லைன் நம்பர் அப்படியே இருக்கும். கடையில எடுக்கலீன்னா குடோன்ல அடிக்கும். அங்கயும் எடுக்கலீன்னா, நீங்க காசிக்கே போயிருந்தாலும் உங்க செல்லுல அடிக்கும். சாப்ட்வேர் ஓசி. ஓசின்னா திருட்டு இல்லீங்க, ஓப்பன் சோர்ஸ்னு பேரு. எந்தெந்த நாட்டுலயோ எவனெவனோ உக்காந்து எழுதி, இந்தா எடுத்துக்கோன்னு பொதுவுல போட்டுட்டான். யாரு வேணா எடுக்கலாம், பிரிக்கலாம், மாத்தி எழுதலாம். கம்பெனிக்காரன்கிட்ட வாங்குனா அவன் குடுக்கறதுதான் உங்களுக்கு. இதுல நீங்க வெக்கறதுதான் சட்டம். யாரு பேசலாம், யாரு பேசக்கூடாது, யாரு எத்தன நேரம் காத்துக் கெடக்கோணும், எல்லாம் நம்ம கையில.

என்னங்க? மெதுவாக் கேக்கறீங்க. இங்க யாருமில்ல, தைரியமாக் கேளுங்க. ஒரே ஒரு நம்பரை மட்டும் தனியாவா? யாரு, உங்க தம்பி நம்பருங்களா? வீட்டுக்கு போன் போட்டு அப்பா மனசைக் கலைக்கறானா? போதும் போதும், புரிஞ்சுது.

முடியுமாவா? நீங்க சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறீங்க. ஆனா ஒண்ணு, கட் பண்ணு, பிளாக் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க. அது பட்டிக்காட்டு வேலை. பிளாக் பண்ணுனா எதிராளிக்குத் தெரிஞ்சு போயிரும். வேற நம்பர்ல இருந்து அடிப்பான், ஆளை விட்டுக் கேப்பான், நேர்ல வந்து நிப்பான். நம்ம முறையில அவனுக்கு ரிங் போகும். அழகா, முழுசாப் போகும். உங்க வீட்டுல ஒரு சத்தமும் இருக்காது. அங்க அவன் போனைக் காதுல வெச்சுட்டு நிப்பான், அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாங்கன்னு. அப்பத் தம்பிக்கு யாரு மேல வருத்தம் வரும்? உங்க மேலயா? இல்ல. உங்க அப்பா மேல. அதுதான் இதுல இருக்கற நேர்த்தி.

சும்மா சொல்லலீங்க. எங்க வீட்டுலயே ஓடுச்சு. சோதிச்சுப் பாக்காத எதையும் நான் விக்கறதில்ல.

வாணிக்கும் எனக்கும் வயசு வித்தியாசம் ஜாஸ்தி. எங்க அப்பா போனப்ப அவ மண்ணைத் தின்னுட்டுத் திரிஞ்சுட்டிருந்தா. நாந்தான் தூக்கி வளத்தேன். பேச்சுக்குச் சொல்லல, நெஜமாவே இடுப்புல வெச்சுட்டுச் சுத்துனேன். காலேஜ் வரைக்கும் படிக்க வெச்சேன். வெளிய வேலைக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்ல, அதனால இந்தக் கடைக்கே கூட்டிட்டு வந்தேன். குரல் நல்லாருக்கும் அவளுக்கு, நீங்களே கேட்டீங்களே. பதிவு பண்ணுனது எங்க அம்மா ரூம்புல. அங்கதான் ரோட்டுச் சத்தம் வராது. ஜன்னலைச் சாத்தி, பேனை நிறுத்தி, கையில மைக்கைக் குடுத்து, ஒண்ணொண்ணா நான் சொல்லச் சொல்ல அவ பேசுனா. ஒம்பதாம் நம்பர்ல, அதான் கடை வேலை நேரம் சொல்றது, அதுல கடைசியில சிரிச்சுட்டா. வெட்டிருக்கலாம். வெட்டல, அப்படியே கெடக்குது.

அவளுக்கு மாப்பிள்ளை பாத்தேன். காங்கயம் பக்கம், ரைஸ் மில்லு, ஒத்தைப் பையன். வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. இவ என்ன பண்ணுனா, நம்ம கடைக்கு ஒயர் இழுக்க வந்துட்டிருந்தானே ஒருத்தன், அவன்கூடப் போயிட்டா. நம்ம ஆளுங்க இல்ல. அவன் பேரு என் வாயில வராதுங்க, விடுங்க. எனக்கு ஏணி புடிச்சவன். ஓசூர்ல போயிக் குடித்தனம் வெச்சுட்டாங்க.

நான் வெட்டுனனா, குத்துனனா? நாட்டுல என்னென்ன நடக்குது, பேப்பர்ல பாக்கறீங்கல்ல. எத்தன பேரு இந்த ரூம்புலயே வந்து நின்னாங்க தெரியுமா? "ஈசுவரா, ஒரு வார்த்தை சொல்லு, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்"னாங்க. நான் ஒரு வெரலைக்கூட நீட்டல. ரெண்டு மூணு வரி எழுதுனேன். அவ்வளவுதான்.

என்ன வரின்னு கேக்கறீங்களா? இந்த நம்பர்ல இருந்து வந்தா அம்மா ரூம்புக்குப் போகாதே. ரிங் சத்தத்தை மட்டும் அவளுக்குக் குடு. மொதல்ல அதோட விட்டுருந்தேன். பொறவு யோசிச்சேன், சும்மா ரிங்கே போயிட்டிருந்தாப் பாவமில்லயா? அதனால நாலு ரிங்குக்கு அப்பறம் ஒரு பீப் வெச்சேன். சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போகட்டும். சொன்னது பதிவாகி நேரா என் செல்லுக்கு வந்துரும். அவ நம்பர், அவன் நம்பர், ஓசூர்க் கோடு போட்டு வர்ற எந்த நம்பரும் இதுக்குள்ள அடங்கிரும். அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, செல்போன் சரிப்படாது. ரூம்புல பெரிய பட்டன் வெச்ச போன் ஒண்ணு நானே வாங்கி வெச்சுக் குடுத்தேன். அம்மாவுக்கு எதுலயும் கொறை வெச்சதில்லீங்க.

ஒருக்கா நேர்லயே வந்தா. வயித்துல புள்ளையோட. வாசல் கேட்டுகிட்ட நின்னா. அம்மா உள்ள தூங்கிட்டிருந்தாங்க. நான் போயிச் சொன்னேன், "அம்மா உன்ற மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க. நீ உள்ள வந்தா வெஷத்தைக் குடிச்சுருவேங்கறாங்க. வேணும்னா போன்ல சொல்லு, இஷ்டமிருந்தாக் கேக்கட்டும்." நல்ல விதமாத்தான் சொன்னேன். அதுக்கு அவ என்னைப் பாக்கவே இல்லீங்க. என் தோளுக்கு மேல அம்மா ரூம்பு ஜன்னலையே பாத்துட்டு நின்னா. அப்பறம் திரும்பி நடந்துட்டா. ஒரு வார்த்தை என்கிட்டப் பேசல. திமிரு. அந்தத் திமிருதான் எல்லாத்துக்கும் காரணம்.

அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன். ஒரு வாரம் தவறல. மத்தியானச் சோத்துக்கு முன்னாடி வரும். "அம்மா, வாணி பேசறேன். நீங்க எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். கேட்டாப் போதும்மா." இப்படித்தான் ஆரம்பிப்பா. அன்னைக்கு அவளுக்கு லீவு இருக்கும்னு அம்மாவுக்கும் தெரியும். தலைக்குக் குளிச்சுட்டு, சேரைப் போன் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாங்க. உள்ள அம்மா உக்காந்திருப்பாங்க. அங்க அவ பேசிட்டிருப்பா. நடுவுல நான் ஹால்ல, காதுல ஹெட்போனோட. ஒரு சத்தம் வெளிய கசியாதுங்க. டெக்னாலஜின்னா அதான்.

அம்மா அப்பப்பக் கேப்பாங்க. "சாமி, அம்மிணி போன் பண்ணுனாளா?"

"இல்லம்மா."

"போன் வேலை செய்யுதா பாரு சாமி. ஒருவேளை கெட்டுக் கிட்டுப் போயிருந்தா?"

சரி, பெத்தவ கேக்கறான்னு ஹால்ல இருந்தே என் செல்லுல அம்மா போனுக்கு அடிப்பேன். ஒரு ரிங்குதான், வெடுக்குன்னு எடுத்துருவாங்க. "அம்மிணி?" அப்படீம்பாங்க. "நாந்தாம்மா, டெஸ்டிங். நல்லா வேலை செய்யுது." "ம்" அப்படீன்னுட்டு வெச்சுருவாங்க. பாதி ஞாயித்துக்கெழமை இந்த வேலையா இருக்கும் எனக்கு. அலுத்துக்காமப் பண்ணுனேன்.

காப்பி வந்துருச்சு, எடுத்துக்குங்க. சர்க்கரை சரியா இருக்குதுங்களா?

இப்ப நான் கேக்கறேன், நீங்க நாயம் சொல்லுங்க. அத்தனை மெசேஜும் நான் கேட்டேன். ஒண்ணு விடாமக் கேட்டேன். அவ வீட்டுல எனக்குத் தெரியாத விஷயம் கெடையாது. பையன் பேரு அகிலன். மொதல்ல இருந்த வீட்டுல தண்ணிக் கஷ்டம், அப்பறம் மாடி வீட்டுக்கு மாறுனாங்க. அந்த ஏணிக்காரனுக்கு முட்டியில அடிபட்டுக் கொஞ்ச நாள் வேலைக்குப் போகல. இவளுக்குத் தைராய்டு. பையன் சளி புடிச்சா மூக்கைச் சிந்தத் தெரியாம உள்ளயே இழுப்பான், நானும் சின்னதுல அப்படித்தான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அவ யாரைக் கேட்டான்னு பாருங்க. "அண்ணி எப்படி இருக்காங்க?" கேட்டா. பால்காரரைக் கேட்டா. டைகர் இருக்குதாம்மா, காது புண்ணு ஆறுச்சான்னு நாயைக் கேட்டா. கொல்லையில இருக்கற முருங்கையைக் கேட்டா சார், முருங்கையை! என்னைக் கேக்கல. அண்ணாங்கற வார்த்தை ஒரே ஒருக்கா வந்ததில்ல.

நான் என்ன கேட்டேன்? காலுல விழச் சொன்னனா? "அண்ணா, அம்மாகிட்டக் குடுங்கண்ணா." இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தா அந்த நிமிஷமே அந்த வரியை அழிச்சுருப்பேன். சத்தியமா அழிச்சுருப்பேன். கேக்கறது நாந்தான்னு அவளுக்குத் தெரியாதா? இந்தக் கடையில உக்காந்து இதையெல்லாம் எங்கிட்டக் கத்துக்கிட்டவதான அவ? தெரியும். தெரிஞ்சுட்டுத்தான் சொல்லல.

அம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. ஒரு நாள் அவ நம்பரை எப்படியோ வாங்கிட்டாங்க. யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா, அந்த வீட்டுல இருக்கறதே மூணு பேரு. என் சம்சாரம் மல்லீஸ்வரி. நல்லவேளை, அம்மா ரூம்புல இருந்து வெளிய போற போனும் நம்ம பெட்டி வழியாத்தான போகோணும். அந்த நம்பரை அழுத்துனா வேற ஒண்ணு கேக்கற மாதிரி மாத்திட்டேன். "நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை." அதுக்குப் பொம்பளைக் குரல் வேணுமே? மல்லீஸ்வரியக் கூப்புட்டு உக்கார வெச்சேன். நம்பரைக் குடுத்தது நீதான, இதையும் நீயே சொல்லுன்னேன். சொல்றேன்னு ஆரம்பிச்சுப் பாதியில அழுகறா. அழுத மூக்கோட பேசுனா கம்பெனிக்காரி மாதிரி இருக்குமா? மூஞ்சியக் கழுவிட்டு வான்னேன். திரும்ப, திரும்ப, சுத்தமா வர்ற வரைக்கும் எடுத்தேன். வேலைன்னு வந்தா நான் அப்படித்தான்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல அம்மா சொன்னாங்க, "அந்தப் போன்ல பேசற பொம்பள நம்ம மல்லீஸ்வரியாட்டவே பேசறா சாமி." மல்லீஸ்வரி அப்ப அவங்க தட்டுல ரசம் ஊத்திட்டிருந்தா. நான் சிரிச்சுட்டேன். நீங்க சிரிக்க மாட்டீங்களா? அம்மா சிரிக்கல. மருமக கையைக் கொஞ்ச நேரம் புடிச்சுட்டிருந்தாங்க, அப்பறம் சோத்தைப் பெசஞ்சாங்க. அதுக்கப்பறம் அவங்களா யாருக்கும் போன் போட்டதே இல்ல. வர்றதுக்கு மட்டும் உக்காந்திருப்பாங்க.

போன ஐப்பசியில அம்மாவுக்கு முடியாமப் போச்சு. டாக்டர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. எந்திரிக்க முடியல, படுத்த வாக்குலயே போனைப் பாத்துட்டிருப்பாங்க. "போன் வந்தா எழுப்பி உடு சாமி." தூக்கம் வந்தாலும் இதைச் சொல்லிட்டுத்தான் தூங்குவாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சட்டைப் பாக்கெட்டுல செல்லு. செல்லுக்குள்ள வாணி பேசுனது அத்தனையும் இருக்குது. ஒரு தட்டுத் தட்டுனாப் போதும், அம்மா காதுகிட்ட வெச்சா அவளே பேசற மாதிரி இருக்கும். நெனச்சேங்க. நெஜமாவே நெனச்சேன். நான் என்ன கல்லா?

சரி, வர்ற ஞாயித்துக்கெழமை மெசேஜ்ல ஒருக்கா அண்ணான்னு சொல்லட்டும், போட்டுக் காட்டறேன்னு மனசுல வெச்சுட்டேன். வந்துச்சு. ரெண்டு தடவை கேட்டேன். பையனுக்கு மொதப் பல்லு விழுந்துச்சாம். ஓட்டு மேல வீசோணும்னா அவங்களது மாடி வீடாம், ஓடு இல்லயாம். ஆத்தா வீட்டு ஓட்டு மேல, அதான் எங்க அம்மா வீட்டு ஓட்டு மேல, வீசிக்கறேன்னு பையன் பல்லைத் தீப்பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்கறானாம். "எப்பம்மா வரட்டும்?" அப்படீன்னு கேட்டு முடிச்சுட்டா. அவ்வளவுதான். அண்ணா இல்ல.

அப்ப நான் எதுக்கு எறங்கி வரோணும்?

செவ்வாக்கெழமை விடிஞ்சதும் அம்மா போயிட்டாங்க. கஷ்டப்படல, நல்ல சாவு. கடைசியாச் சொன்னது, "ரிசீவர் சரியா வெச்சிருக்குதா பாரு." பாத்தேன். சரியாத்தான் வெச்சிருந்துச்சு.

அவளுக்குச் சொல்லி அனுப்பல. சொந்தக்காரங்க ஒருத்தரும் அவகூடப் பேச்சு வார்த்தை வெச்சுக்கறதில்ல, அதையும் நான் பாத்து வெச்சிருந்தேன். ஏன் சொல்லலீங்கறீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். அவ பேசுனது எங்கிட்ட இல்லயே, அம்மாகிட்டத்தான பேசுனா. அம்மாகிட்டயே கேட்டுக்கட்டும்.

காரியம் முடிஞ்ச ஞாயித்துக்கெழமையே போன் வந்துருச்சு. "அம்மா, வாணி பேசறேன்." அதே மாதிரி. வாரா வாரம் வந்துச்சு. முன்னாடி அம்மா ஒருத்தங்க உள்ள உக்காந்திருக்கறாங்களேன்னு ஒரு அவசரம் இருக்கும். இப்ப நிதானமாக் கேட்டேன். பொய் எதுக்குச் சொல்லோணும், சனிக்கெழமையே ஒரு மாதிரி ஆயிரும் எனக்கு, நாளைக்கு என்ன சொல்லுவாளோன்னு. பொங்கலுக்கு முன்னாடி ஒரு வாரம் வரல. அன்னைக்குப் பூராச் சோறு எறங்கல. அடுத்த வாரம் பாத்தா, பையனுக்குக் காய்ச்சலாம். அட, முன்னாடியே சொல்லக்கூடாதான்னு வாய் விட்டே சொல்லிட்டேன், யாரும் இல்லாத ரூம்புல உக்காந்துட்டு.

அப்பறம் ஒரு தப்பு நடந்துச்சு. எந்தப்பு இல்ல, சாப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்துச்சு. வீட்டுப் பெட்டிய மாத்திப் புதுசுல எல்லாத்தையும் ஏத்துனேன். ஏத்தறப்ப அந்த வரிங்க விட்டுப் போச்சு. தொழில்ல இத்தன வருஷம் இருக்கறேன், இப்படி நடந்ததே இல்ல. ஞாயித்துக்கெழமை சாப்புட்டுட்டிருக்கறேன், அம்மா ரூம்புல போன் அடிக்குது. எத்தன வருஷம் கழிச்சு வெளிய இருந்து ஒரு போன் அங்க அடிக்குதுன்னு நெனச்சுப் பாருங்க. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. எச்சிக் கையோட எந்திரிக்கறதுக்குள்ள மல்லீஸ்வரி ஓடிட்டா. அவ அப்படி ஓடி நான் பாத்ததே இல்ல.

நான் வாசல்கிட்டப் போறப்பச் சொல்லிட்டா. "வாணி... அண்ணி பேசறேன் கண்ணு. அத்தை இல்லடி. ஐப்பசியிலயே போயிட்டாங்க. உன்னையத்தான் கேட்டுட்டே இருந்தாங்க. கடைசி வரைக்கும் உன்னையத்தான் கேட்டாங்க."

இதைச் சொல்ல இவ யாருங்க? சொல்லோணும்னா கூடப் பொறந்தவன் நான் இருக்கறேன்ல?

சொல்லிட்டு ரிசீவரை எங்கிட்ட நீட்டுனா. வாங்கிக் காதுல வெச்சேன். அந்தப் பக்கம் அழுகை இல்ல, கத்தல் இல்ல. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. பின்னாடி டிவி ஓடுது. நாந்தான் வாங்கியிருக்கறேன்னு அவளுக்குத் தெரியும், என் மூச்சு தெரியாதா அவளுக்கு? நானும் பேசல. நான் எதுக்கு மொதல்ல பேசோணும்? அவ சின்னவ. சொல்லட்டும்னு நின்னேன். அவ வாயைத் தெறக்கற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. வந்துருச்சு, சொல்லப் போறான்னு நெனச்சேன். அப்பப் பார்த்து அந்தப் பையன் தூரத்துல இருந்து, "அம்மா, ஆத்தா எடுத்துட்டாங்களா?"ன்னான். டக்குன்னு வெச்சுட்டா.

அதோட சரி. அதுக்கப்பறம் போனே வரல. எத்தன ஞாயித்துக்கெழமை ஆச்சு. அம்மா இல்லீன்னா அந்த வீட்டுல வேற ஆளே இல்லீங்கற மாதிரி! எவ்வளவு கல் மனசு பாருங்க. நாயை விசாரிக்கத் தெரிஞ்சவளுக்கு, அம்மாவுக்குக் கொள்ளி வெச்சவன் எப்படி இருக்கறான்னு கேக்கத் தோணல. நானா ரெண்டு மூணு தடவை அடிச்சேன். கௌரவம் பாக்காம அடிச்சேன். ரிங் போகுது. முழுசாப் போகுது. எடுக்க மாட்டேங்கறா. வேணும்னே எடுக்காம இருக்கறாளா, இல்ல அவ போன்ல கோளாறான்னு எனக்கு எப்படித் தெரியும்? அது தெரியாம இருக்கறதுதான் சார் கஷ்டமா இருக்குது.

மல்லீஸ்வரியும் அதுல இருந்து பேசறதில்ல. தட்டுல போட்டு மூடி வெச்சுட்டுப் போயிடறா. அம்மா ரூம்புலதான் படுத்துக்கறா. இன்டர்காம்ல கூப்புட்டாலும் எடுக்கறதில்ல. நல்ல வீடுங்க நமக்கு.

எங்க எந்திரிச்சுட்டீங்க? காப்பி பாதியில இருக்குது. உங்க தம்பி நம்பரைச் சொல்லிட்டுப் போனீங்கன்னா நாளைக்கே வந்து மாட்டிருவேன். அப்பா ரூம்புக்கு நல்ல போனா வெச்சுக் குடுத்தர்றேன். யோசிக்கோணுமா? யோசிங்க, யோசிங்க. இதுல யோசிக்க என்ன இருக்குதுன்னுதான் எனக்குப் புரியல.

சரி, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. உங்க செல்லுல இருந்து எங்க கடை நம்பருக்கு ஒருக்கா அடிங்க. என் செல்லுல அடிச்சா மொதலாளி நம்பர்னு தெரிஞ்சுட்டு நேரா உள்ள விட்டுரும். வெளி ஆளு அடிச்சாத்தான் சரியாத் தெரியும். வீட்டுப் பெட்டியும் இதுவும் இப்ப ஒரே லைன்ல ஓடுது. இது வந்தா அதுவும் வரும்னு அர்த்தம். லைன்ல கோளாறு இல்லீன்னு தெரிஞ்சுட்டா எனக்கு ஒரு நிம்மதி. ஸ்பீக்கர்ல போடுங்க.

போகுதுங்களா? இதா, வந்துருச்சு. "வணக்கம். ராமாத்தாள் கம்யூனிகேஷன்ஸ்." ஒண்ணு வேண்டாம், ரெண்டு வேண்டாம். ஒம்பது அழுத்துங்க. "எங்கள் வேலை நேரம் காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை." வெச்சுராதீங்க, இன்னும் இருக்குது. கதவுச் சத்தம் கேக்குதுங்களா? அம்மா வர்றாங்க. "ஆருகூடக் கண்ணு பேசிட்டிருக்கறே?" இப்பப் பாருங்க, சிரிக்கறா பாருங்க. "ஐயோ அண்ணா, நிறுத்துங்கண்ணா! போதும், நிறுத்துங்க!"

கேட்டுச்சுங்களா? அண்ணாங்கறா. எத்தன தெளிவா இருக்குது பாத்தீங்களா?

உக்காருங்க சார். இன்னொருக்கா ஒம்பது அழுத்துங்க.